புகைகூட ஏற்பாடு செய்திருந்தார்கள்

மார்ச் 14, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம். தாங்களும், ஞாயிறு முதல் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமென நம்புகிறேன். அவளை அனுப்பிவைக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. நடந்ததைத் தேதிவாரியாகத் தெரிவிப்பதே நோக்கம்.

எங்கள் குடியிருப்பில் மார்ச் 16 அன்று தீயணைப்பு ஒத்திகை என்று அறிவித்திருந்தார்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்புச் சோதனை செய்து ஓய்வு பெற்றவன் நான். சோதனை நாளில் மட்டும் தீயணைப்பு வாளிக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அடியில் குப்பையும் மேலே மணலுமாக நிரப்பிவைப்பதைப் பார்த்தவன். ஆகவே, "இதெல்லாம் வெறும் ஐ வாஷ், கண்துடைப்பு" என்று கூட்டத்திலேயே சொன்னேன். மார்ச் 9 காலையிலேயே மணி அடித்தது. அறிவித்த தேதியைக்கூட மதிக்கத் தெரியாதவர்கள்! "எழுந்திருங்க, எல்லாரும் இறங்குறாங்க" என்றாள் என் மனைவி. "ஐ வாஷுக்காக நாலு மாடி இறங்கணுமா? நீ போய் வேடிக்கை பாரு" என்றேன். போனாள். நான் தலையங்கம் படித்துக்கொண்டிருக்கையில் கதவிடுக்கில் புகை வந்தது. பின்னாலேயே தங்கள் அக்கா, அந்த மூட்டுவலியோடு அத்தனை படியும் ஏறி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வந்து, "கீழ்வீட்டுச் சமையலறை எரியுது, இங்க பேப்பர் படிக்கிறீங்களா?" என்று கத்த, "புகைகூட ஏற்பாடு பண்ணியிருக்காங்க பாரேன், இந்தத் தடவை பரவாயில்ல" என்று பாராட்டிவிட்டேன். பிறகு நிலைமையை நானே உணர்ந்து, அவள் கையைப் பற்றி, தைரியம் சொல்லிக் கீழே அழைத்துவந்தேன்.

மறுநாள் அவள் முழங்கால் வீங்கியிருந்தது. விசாரிக்க வந்த எதிர்வீட்டம்மாளிடம், "வலியில பாதி ஐ வாஷ்" என்றேன். நாக்கின் பழக்கம். அந்தம்மாள் போனதும் தங்கள் அக்கா, "அப்போ நான் ஏறி வந்தது?" என்றாள். பேப்பரை மடித்துவைத்தேன். அதற்குள் பையை எடுத்துவிட்டாள்.

இந்தப் புறப்பாடும் ஐ வாஷ்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் உண்டு: இரத்த அழுத்த மாத்திரை டப்பாவை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உண்மையில் போகிறவள் மாத்திரையை விட்டுவிட்டா போவாள்? இன்றோடு ஐந்தாவது நாள். அங்கே வாங்கிக் கொடுத்தீர்களா? தலைசுற்றல் உண்டா? கவலையில் கேட்கவில்லை, தகவலுக்காக.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாக உறங்குகிறேன். எக்காரணம் கொண்டும் அவளைத் தேடி அங்கு வருவதாக இல்லை. தங்கள் இல்லத்தில் அனைவரும் நீடு வாழ்க.

இன்னமும் தங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் தேதிகள் மட்டும் உண்மை, மற்றதெல்லாம் ஐ வாஷ். அன்று புகையில் கால் நகராமல் நின்றவன் நான். கையைப் பற்றியவள் அவள். "நான் இருக்கேன், படியைப் பார்த்து வைங்க" என்று ஒவ்வொரு படியாக இறக்கியவளும் அவளே. இதை உங்கள் குடியிருப்புக் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். கீழே, வாசலருகில் நிற்கிறேன். டப்பா கையில் இருக்கிறது. மேலே ஏறி வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லவும்.