குழாய்த் தண்ணீரும் சிவப்புப் பருப்பும்

பரீட்சையில் புதிதாகத் தேறி வந்தவனை, அந்தச் சூடு தணியும் வரையாவது, பிறர் வீட்டுத் தண்ணீர்ப் பக்கம் விடக்கூடாது. என்னை விட்டார்கள்.

அப்போது திருவிதாங்கூரில் மகாராஜா ஆட்சி. நான் திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்து முடித்து ஊர் வந்திருந்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு சீசா இருக்கும். உள்ளே சோப்புக் கரைசல். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன். கரைசலில் கொஞ்சம் அதில் விட்டு, உள்ளங்கையால் டம்ளரை மூடிக் குலுக்குவேன். நுரை பொங்கினால் நல்ல தண்ணீர். பொங்காமல் திரிந்த பால்போல நின்றால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீர். அதில் துணி வெளுக்காது, பருப்பு வேகாது. இதை அந்த வீட்டாருக்கு உடனே அறிவித்துவிடுவேன். (யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வதென்றால் அவ்வளவு செலவழித்துப் படிப்பானேன்?)

தோவாளையில் எனக்குப் பார்த்த முதல் சம்பந்தம் இப்படித்தான் முறிந்தது. பெண் வீட்டுக் கிணற்றுக்கு நான் வழங்கிய தீர்ப்பை அவர்கள் பெண்ணுக்கு வழங்கியதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சம்பந்தம் இராஜாக்கமங்கலம் பக்கத்தில். வில்வண்டியில் போகும்போது, என் அக்காள் புருஷன் சிதம்பரம் அத்தான் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

“மாப்ளே, இதும் போச்சுன்னா நாஞ்சில் நாட்டிலே ஒரு பய உனக்குப் பொண்ணு தரமாட்டான். அந்தச் சீசாவை வீட்டிலே வச்சிட்டு வந்தியா?”

“வச்சிட்டேன் அத்தான்” என்றேன். எங்கே வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. வேட்டி மடிப்பில் வைத்திருந்தேன்.

பெண்ணின் தகப்பனார் நீலகண்ட பிள்ளை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க்காக இருந்து திரும்பியவர். திரும்பும்போது ஓர் ஆசையையும் கூடவே கொண்டுவந்திருந்தார்: வீட்டுக்குள் குழாய். கிணற்றில் கைப்பம்பு, அடுக்களை மேல்தளத்தில் இரும்புத் தொட்டி, அதிலிருந்து அடுக்களைக்கும் முற்றத்துக்கும் பித்தளைக் குழாய்கள். அந்த வட்டாரத்தில் வேறெந்த வீட்டிலும் குழாய் கிடையாது. வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் குழாயைப் பார்த்தாக வேண்டும்.

“திறந்து பாரும் மாப்பிள்ளே, கூச்சப்படாதேயும்” என்றார்.

திறந்தேன். விழுந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கைகழுவ வைத்திருந்த சீமைச் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். நுரை வரவில்லை. என் கை தானாக மடிப்புக்குப் போனது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

குலுக்கிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மாமா, இது கடினநீர். சுத்தச் சுண்ணாம்பு” என்றேன்.

நீலகண்ட பிள்ளையின் மீசை துடித்தது. “கண்டியிலேருந்து வந்த குழாயாக்கும் இது!”

“குழாய் கண்டியிலிருந்து வரலாம். தண்ணீர் உங்கள் கிணற்றிலிருந்துதானே வருகிறது?”

அத்தோடு நான் வண்டியேறியிருக்க வேண்டியது. காப்பாற்றியது, அடுக்களைக்குள்ளிருந்து வந்த மாமியின் குரல். “இஞ்ச பாருங்கோ, அந்தப் பிள்ளை சொல்லுகதிலே என்ன தப்பு? காலம்பற அடுப்பிலே போட்ட பருப்பு இப்பவும் முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டுக் கிடக்கு. குளத்துத் தண்ணி எடுக்கலாம்னா விடுகேளா? எல்லாத்துக்கும் குழாய், குழாய்!”

உள்ளே ஒரு பெண் சிரித்தாள். பகவதி என்பது அவள் பெயர் என்று தெரியும். சிரிப்பு இப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தக் கணமே தீர்மானித்துவிட்டேன்: கட்டினால் இவளைத்தான். உடனே என் திறமையையும் காட்டிவிட வேண்டும்.

“மாமா, இந்தத் தண்ணீரை இப்போதே சரியாக்கித் தருகிறேன். கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும்.”

“என்னவே, தண்ணியிலே சுண்ணாம்பு இருக்கு, அதான் கேடுங்கீரு. அதுக்கு மருந்தும் சுண்ணாம்பா?”

“சுண்ணாம்பு சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், மாமா. ரசாயனம்.”

ரசாயனம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மதிப்பு. பெண் பார்க்க வருகிறோம் என்று வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மிச்சச் சுண்ணாம்பு கொல்லையில் ஒரு பானையில் இருந்தது. ஏணி வைத்து ஏறினேன். தொட்டியைக் கண்ணால் அளந்து மனக்கணக்குப் போட்டேன். சோதனைச்சாலையில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குப் போட்ட கணக்கைத் தொட்டிக்குப் பெருக்கும்போது தசமப் புள்ளி எங்கேயோ நழுவியது. போதாததற்கு, பெண் வீட்டில் கையைச் சுருக்கிப் போடுவது மரியாதையல்ல என்று கொஞ்சம் கூடவே போட்டேன். கடைசியில் பானையைக் கழுவி ஊற்றினேன்.

“நன்றாகத் தெளியட்டும், அப்புறம்தான் எடுக்க வேண்டும்” என்று மேலிருந்து கத்தினேன். தெளிவதற்குள் பசி முந்திக்கொண்டது. நான் ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுக்களைக் குழாயில் மோர் நிறத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இலை போட்டார்கள். இதை மட்டும் சொல்லியாக வேண்டும்: பருப்பு வெந்தது. புதிதாகப் போட்ட பருப்பு அப்படியே வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. குறை நிறத்தில்தான்.

பகவதிதான் உருளியோடு பரிமாற வந்தாள். என் இலையில் ஒரு கரண்டி விட்டாள். இருவரும் குனிந்து பார்த்தோம். பருப்பு செக்கச்செவேலென்று இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். பருப்பில் மஞ்சள் போடுவார்கள் என்பது மட்டும் ஏணிமேல் நிற்கும்போது நினைவில்லை.

பகவதி என்னைப் பார்த்தாள். கரண்டியை உருளியில் போட்டுவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பசியில் நிறம் பார்க்காத அத்தான் அதற்குள் ஒரு வாய் தின்றுவிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. (அது மென்னீர் என்று நினைக்கிறேன்.) “அண்ணாச்சி,” என்றார் வெந்த நாக்கோடு, “வெத்திலையும் பாக்கும் மட்டும் கொண்டாரச் சொல்லுங்கோ. சுண்ணாம்பு பருப்பிலேயே இருக்கு.”

“எந்திரியும்வே!” என்று நீலகண்ட பிள்ளை என்னைப் பார்த்து முழங்கினார். “எந்திரிச்சு நடையைக் கட்டும்! சம்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!”

எழுந்தோம். வாசல் படிப்புரை வரை வந்தோம். பின்னாலேயே மாமியின் அலறல்: “நல்ல நாளும் அதுவுமா ரத்தம் மாதிரி இருக்கே, அதை வீட்டுக்குள்ளே வைக்காதேங்கோ, வெளியே கொண்டு கொட்டுங்கோ!” உருளியில் ஒட்டியிருப்பதும் போகட்டும் என்று ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றிக் கலக்கி, நீலகண்ட பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் தெருவில் இறங்கித் திரும்பி, கும்பிட்டு விடைபெற முயன்றேன். அவர் என் காலடியில் சளாரென்று கொட்டினார்.

எதிர்வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே ஜன்னலில் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்டது இவ்வளவுதான்: சரிகை வேட்டியில் மாப்பிள்ளை கைகூப்பி நிற்கிறான், பெண்ணின் தகப்பனே வெண்கல உருளியோடு வந்து அவன் முன்னால் சிவப்புத் தண்ணீரைக் கொட்டுகிறார். சம்பந்தம் முடிந்து ஆரத்தியும் எடுத்தாகிவிட்டது! எதிர்வீட்டு அம்மாள் குரவையிட்டாள். அடுத்த வீடு அதை வாங்கிக்கொண்டது. ஒரு நொடியில் தெரு முழுவதும் குரவை.

“ஏட்டி, இது பருப்பு! பருப்புட்டீ!” என்று நீலகண்ட பிள்ளை கத்தினார். குரவைச் சத்தத்தில் எவருக்குக் கேட்கும்? ஒருத்தி என் கையில் கல்கண்டைத் திணித்தாள். “சொல்லாமக் கொள்ளாம முடிச்சிட்டேளே அண்ணாச்சி!” என்று இன்னொருவர் அவரைக் கட்டித் தழுவினார். அவர் கையில் காலி உருளி.

மாமி கதவிடுக்கிலிருந்து தணிந்த குரலில் சொன்னாள்: “தெருவே குரவை போட்டாச்சு. இனி இந்தப் பையனை அனுப்பிட்டா, வேற எவன் நம்ம படி ஏறுவான்? பேசாம உள்ளே கூட்டிட்டு வாங்கோ.”

நீலகண்ட பிள்ளை காலி உருளியை மாமியிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். “அந்தச் சீசாவை இங்கே தாரும்.” கொடுத்தேன். அதுதான் நான் கொடுத்த சீர்.

தை மாதத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றபோது, தலை குனிந்திருந்த பகவதி தன் வாழ்நாளில் முதன்முதலாக என்னிடம் பேசினாள்: “உப்பு சரியா இருக்கான்னு பாருங்கோ.”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவருக்கு ஆரத்தி எடுத்தாலும், “உப்பு பாத்தாச்சா?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. போன மாதம் என் மகள் கல்யாணத்திலும் கேட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் புதியவர், விஷயம் தெரியாது. எங்கள் வீட்டு முறை போலிருக்கிறது என்று எண்ணி, பயபக்தியோடு தட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, சிறிது யோசித்துவிட்டு, “இன்னும் ஒரு கல் போடலாம்” என்றார்.