கேப்டன் தாரிகாவின் கடைசிப் பக்கம்

மதிப்புக்குரிய ‘விண்காவல்’ ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பழவேற்காடு ஏரி, பசியாவரம் தீவிலிருந்து கேசவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் படம் போடும் ஓவியரும் குடும்பத்தோடு சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

எங்கள் ஊருக்கு உங்கள் படக்கதைப் புத்தகம் மாதம் ஒரு பிரதிதான் வருகிறது. யார் முதலில் படிப்பது என்று அடிதடியே நடந்ததால், இறால் பிடிக்கும் இடத்துக்கு வீட்டுக்கு வீடு முறை வைப்பதுபோல இதற்கும் ‘பாடு’ வைத்துவிட்டோம். சீட்டுக் குலுக்கிப் போடுவோம். படித்தவர் கதையை வெளியே விட்டால் அவருடைய இறால் பாடும் ரத்து.

இந்த மாதம் வேலுவுக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து இளவழகன். கேப்டன் தாரிகாவின் விண்கப்பலில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, கதவு திறக்கவில்லை, வெளியே எதுவோ தட்டுகிறது ஐயா. கடைசிப் பக்கத்தை மட்டும் ஏரிக்குப் போய்வந்து நிதானமாகப் படிக்கலாம் என்று மூடி வைத்தேன். அதுதான் வினை. நான் திரும்புவதற்குள் என் மனைவி ருக்கு புத்தகத்தை இளவழகன் வீட்டில் கொடுத்துவிட்டாள். அவன் புரட்டிப் பார்த்தால் கடைசிப் பக்கம் இல்லை! உடனே ஊர்க் கூட்டம். “நான் கேசவன் கையில குடுக்கசொல்ல கடைசி பக்கம் இருந்துச்சிப்பா” என்று வேலு சத்தியம் செய்கிறான். “கடைசி பக்கத்தப் படிக்காம எவனாச்சும் எந்திரிச்சிப் போவானா? இன்னா கதை வுடுற?” என்று இளவழகன் கத்துகிறான். ருக்குகூட, “கிழிச்சது யாரா இருந்தாலும் வுடாதீங்க” என்று எல்லோரையும்விட உரக்கப் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கம் வராவிட்டால் இந்தப் பருவத்து இறால் பாடு எனக்கில்லை. அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. தாரிகா பிழைத்தாளா என்று வேலுவிடம் கேட்கவும் வழியில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறேன். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். வயிற்றுக் கோளாறா, தாரிகாவா, ஒன்றும் விளங்கவில்லை.

அந்த ஒரு பக்கத்தை உடனே அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றுங்கள். தங்கள் அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடவும், பிள்ளைகுட்டிகள் நோய்நொடியின்றி வாழவும் எங்கள் எல்லையம்மனை வேண்டிக்கொள்ளும்,

கேசவன்

பி.கு.: பக்கம் அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டச் சொல்லி ருக்குவிடம் கொடுத்தேன், அழுதுவிட்டாள். கிழித்தது அவள்தானாம். ‘பொம்மை புக்கு படிக்கிற வயசா இது’ என்று என்னைத் திட்டுபவள், மாதாமாதம் எனக்கு முன்னாலேயே படித்து வந்திருக்கிறாள். “அந்தப் பொண்ணு செத்துக் கெடக்கறத ஊரே பாக்கணுமாய்யா? எனக்கு மனசு ஒப்பல” என்கிறாள். நான் படிக்காத கதையைச் சொல்லிவிட்டாள். ஊர்ச் சட்டப்படி அதற்கும் தண்டனை உண்டு. கிழித்தது நான்தான் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடப் போகிறேன். என் பாடு போனால் போகட்டும். அடுத்த இதழில் தாரிகாவை எப்படியாவது மூச்சு விட வையுங்கள் ஐயா, ருக்கு இன்னும் சாப்பிடவில்லை.