வெண்கலத்தோளனின் வாரிசு

ஒரு விடுகதை சொல்கிறேன். அவசரப்படாமல் யோசியுங்கள். எரிமலைக்குள் விழுந்தும் சாகாதவன். கரப்பான் பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள் கிடக்கிறான். ஓடும் ரயிலைத் தோளால் நிறுத்துவான். அவன் இருக்கும் பெட்டியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். யார் அவன்?

என் மனைவி ஸகீனாவிடம் கேட்டேன். "கச்சான் சுருட்டுற பேப்பர்" என்றாள், தெருவில் வேர்க்கடலை விற்பவரின் ஞாபகத்தில்.

விடை அதுவல்ல. வெண்கலத்தோளன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாதம் ஒருமுறை வந்த சித்திரக்கதையின் நாயகன். பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பத்திரிகைக் கடையில் அவனுக்காக மழையில் நனைந்திருக்கிறேன். இப்போது அந்தக் கடை இல்லை. அவனை அச்சடித்தவர்களும் இல்லை. கூடச் சேர்ந்து வாசித்த நண்பன் மபாஸ் கட்டாரில் இருக்கிறான். போனில் "வெண்கலத்தோளன்" என்றேன். "எந்தக் கம்பனி? சம்பளம் நல்லமா?" என்று கேட்டான். ஆகவே இந்த உலகத்தில் அந்த மாவீரனுக்கு மிஞ்சிய ரசிகன் ஒருவன்தான்: பிளாஸ்டிக் வாளி விற்கும் லத்தீப், அதாவது நான்.

புத்தகங்கள் பின் வராந்தாவில், ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத ஒரே மூலை அது. அந்த மூலை ஸகீனாவுக்கு வேண்டுமாம்.

ஸகீனா பேணுதலான பெண். பிறர் பொருளைக் கேட்காமல் தொட மாட்டாள். என் சட்டைக்குப் பொத்தான் தைக்கவும் என்னிடம் அனுமதி கேட்பாள். அதனால் பெட்டியை அவள் தொடவில்லை. கேட்டாள். தினமும் கேட்டாள்.

"இங்க பாருங்க, அந்தப் பெட்டிய கச்சான்காரருக்குக் குடுத்துடவா?"

"வேணாம்."

"சரி. ஒங்கட சாமான். நீங்க சொல்லாம நான் தொட மாட்டேன்."

"நல்லது."

"நாளைக்கும் கேப்பேன்."

சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் பாறையைத் தேய்க்கும் என்பார்கள். நான் பாறைகூட இல்லை. என்றாவது ஒரு நாள், பசியிலோ தூக்கத்திலோ, வாய் தவறி "சரி" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் யோசனை பிறந்தது.

அந்த ரமழானில் என் மகள் றிஸ்கா முதல் நோன்பு பிடிப்பதாக இருந்தாள். அவளுக்கு ஏழு வயது. முதல் நோன்பு பிடிக்கும் பிள்ளை எங்கள் குடும்பத்தில் அன்று ஓர் அரசி. மாலையில் நோன்பு துறந்ததும் அவள் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. றிஸ்கா என் புத்தகங்களைக் கேட்டால்? கணவனின் பெட்டியைக் கச்சான்காரருக்குக் கொடுக்க நினைக்கும் பெண் இருக்கலாம். மகளின் முதல் நோன்புப் பரிசை அவருக்குக் கொடுக்க எந்த உம்மாவுக்கு மனம் வரும்? பெட்டியும் பிழைக்கும். வெண்கலத்தோளனுக்கு ஒரு வாரிசும் கிடைக்கும்.

முதல் நோன்பன்று கடையை என் உதவியாள் ரெங்கசாமியிடம் விட்டுவிட்டு, நண்பகல் லுஹர் தொழுததும் மகளைப் பக்கத்தில் இருத்திப் பெட்டியைத் திறந்தேன்.

"வாப்பா, இவர் ஏன் நெஞ்சில வாளி மூடி கட்டியிருக்கார்?"

"அது மூடி இல்ல மகள். கவசம்."

"நம்ம கடையிலயும் இருக்கு. பச்சைக் கலர்ல."

"இவர் எரிமலையில பிறந்தவர். தெரியுமா?"

"அப்ப இவருக்கு உம்மா இல்லையா?"

"இல்ல."

"விடியமுந்தி சஹர் சாப்பிட யார் எழுப்புற?"

இருபத்தைந்து வருடமாக அந்தக் கதைகளை வாசிக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதேயில்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கேதான் பெரிய பிழை நடந்தது. பூதத்தை வென்ற வெண்கலத்தோளனுக்கு அரசன் விருந்து வைக்கிறான். முழுப் பக்கப் படம். முழு ஆடு. நெய்ச்சோறு. பக்கத்தில் ஒரு மலை உயரத்துக்குப் பழங்கள். நோன்பாளிக்குக் காட்டக்கூடிய பக்கமா அது? மூடப் போனேன்.

"திருப்ப வேணாம் வாப்பா" என்றாள் றிஸ்கா.

எனக்கும் திருப்ப மனம் வரவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் இருவரும் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு ஸகீனா மகளைக் குசினி அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். ஏதோ கிசுகிசுப்பு. மகள் திரும்பி வந்தாள்.

"உம்மா என்ன சொன்னா?"

"வாப்பா சொல்லித் தாறதையே கேளுங்கன்னு சொன்னாங்க."

பாருங்கள், கல்லும் கரைந்துவிட்டது என்று நினைத்தேன். பசித்த வயிற்றோடு மூளை வேலை செய்வதில்லை.

"நோன்பு துறந்ததும் ஜஸீல் மாமா என்ன வேணும்னு கேப்பார். என்ன சொல்லுவீங்க?"

"முழு ஆடு."

"இல்ல மகள்."

"சரி. புத்தகம்."

மாலையில் ஸகீனாவின் அண்ணன் ஜஸீல் நானா வெலிமடையிலிருந்து வந்தார். மரக்கறி வியாபாரி. கையில் ஓட்டை போட்ட ஒரு காட்போட் பெட்டி. லீக்ஸ் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். லீக்ஸுக்கு எதற்குக் காற்று என்று நினைக்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீத்தம்பழம் கடித்தோம். கஞ்சி குடித்தோம். ஜஸீல் சிரித்தபடி கேட்டார்: "மகளுக்கு என்ன வேணும்?"

"வாப்பாட வெண்கலத்தோளன் புத்தகம் எல்லாம் எனக்கு வேணும்."

என் கண் கலங்கிவிட்டது. "தந்துட்டேன் மகள்" என்றேன்.

ஸகீனா கரண்டியைக் கீழே வைத்தாள். "யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களா?"

"யோசிச்சுத்தான்."

"முழு மனசோடயா?"

"முழு மனசோட."

"குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதா, ஸகீனா?"

"நானா, நீங்க சாட்சி."

ஜஸீலின் வாயில் சமோசா. தலையை ஆட்டினார்.

ஸகீனா மகள் பக்கம் திரும்பினாள். "மகள், இப்ப அந்தப் பெட்டி ஒங்கட. வாப்பாட இல்ல. விளங்கிச்சா?"

"ம்."

"நானா, அதத் திறங்க."

ஜஸீல் காட்போட் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு வெள்ளை முயல்கள் கரட் இலை தின்றுகொண்டிருந்தன.

"முயலுக்கு ஈரம் ஆகாது மச்சான்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"வேற இடத்தில வைக்கலாமே" என்றேன்.

"வேற எங்க? ஈரம் ஏறாத ஒரே மூலை அதுதான்னு நீங்கதானே சொல்றீங்க" என்றாள் ஸகீனா. "மகள், அந்த மூலையில ஒன்றுதான் வைக்க ஏலும். புத்தகமா, முயலா? புத்தகம் வேணாம்னா கச்சான்காரர் எடுப்பார். ஆனா ஒங்கட சாமான். நீங்க சொல்லாம உம்மா தொட மாட்டேன்."

நான் மகளின் கையைப் பிடித்தேன். "மகள், ரயிலைத் தோளால நிறுத்தினவர். எரிமலையில பிறந்தவர். உம்மாகூட இல்லாதவர்."

றிஸ்கா யோசித்தாள். ஒரு முயலின் காதைத் தொட்டாள். அது காதை ஆட்டியது.

"வாப்பா, வெண்கலத்தோளன் காது ஆட்டுவாரா?"

நான் பொய் சொல்வதில்லை. அதுவும் நோன்பு மாதத்தில். "மாட்டார்" என்றேன்.

றிஸ்கா முயல்களைத் தெரிவு செய்தாள்.