இரண்டு மணிச் சட்டம்

"சட்டம் நிறைவேறிடுச்சு மிஸ்!" என்று டோபியாஸ் சுதந்திர மணியை ஓங்கி அடித்தான். காகிதக் கோப்பையில் செய்த மணி. அசல் மணியில் இருப்பது போலப் பேனாவால் வரைந்திருந்த விரிசலுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒன்று விழுந்தது.

"என்ன சட்டம் ராஜா?" என்றாள் டெல்ஃபின்.

"ரெண்டு மணியிலேர்ந்து ஸ்கூல் விடுற வரைக்கும் எல்லாரும் வெளியில போய் விளையாடணும். காங்கிரஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கிட்டாங்க."

டெல்ஃபின் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்குத்தான் தலைமையாசிரியர் ஹால்வர்சன் வந்து, அவள் பாடம் நடத்தும் அழகைப் பார்க்கப் போகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால், கோடை விடுமுறையோடு மூட்டை கட்டிக்கொண்டு தன் வெயில் ஊரான லூசியானாவுக்கே திரும்ப வேண்டியதுதான். காலி வகுப்பைப் பார்த்து எந்த மனிதர் தலையாட்டுவார்?

வினையை விலை கொடுத்து வாங்கியவள் அவளேதான். அதிபர்கள் தின வாரமாயிற்றே, புத்தகத்தைப் படித்துக் காட்டுவானேன் என்று இரண்டாம் வகுப்பையே அரசாங்கமாக்கிவிட்டாள். இங்க்ரிட் அதிபர், நெஞ்சில் காகிதத் தட்டில் வரைந்த கழுகு. மூன்று பேர் உச்ச நீதிமன்றம். மிச்சப் பேர் டோபியாஸ் தலைமையில் காங்கிரஸ், அதாவது சட்டம் போடும் நாடாளுமன்றம். சோமாலிப் பெண் ஹாவா துணை அதிபர். "எனக்கு என்ன மிஸ் வேலை?" என்று ஹாவா கேட்டபோது, "ஓட்டு ரெண்டு பக்கமும் சமமா வந்தா நீ போடுற ஓட்டுதான் முடிவு" என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தை முகம் தெளியவில்லை. சரியென்று, தினமும் வானிலை சொல்லும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்திருந்தாள்.

அந்த ஹாவா இப்போது அட்டையோடு வந்து நின்றாள். "மிஸ், இன்னிக்கு வானிலை..."

"அப்புறம் கண்ணு, அப்புறம். இங்க நாடே பத்தி எரியுது." டெல்ஃபின் டோபியாஸ் பக்கம் திரும்பினாள். "வெளியில பனி கொட்டிக் கிடக்கு. குளிருமே ராஜா!"

"உங்களுக்குக் குளிரும் மிஸ்" என்றான் அவன். காங்கிரஸ் முழுவதும் சிரித்தது.

அதுவும் நியாயம்தான். மினசோட்டாப் பிள்ளைகள் முழங்கால் பனியில் உருண்டு புரள்வதை, இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே பார்த்தவள் அவள்.

நேரே அதிபரிடம் போனாள். "இங்க்ரிட் கண்ணு, இந்தச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போடாத. வீட்டோ பண்ணித் தடுத்திடு."

"பண்ணினா எனக்கு என்ன தருவீங்க?"

"இந்த வாரம் முழுக்க வரிசையில நீதான் முன்னாடி நிப்ப."

இங்க்ரிட் கழுகைத் தடவிக்கொண்டாள். "வீட்டோ!"

டெல்ஃபின் மூச்சு விடுவதற்குள் டோபியாஸ் எழுந்தான். "மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா அதிபரோட வீட்டோ செல்லாதுன்னு நேத்து நீங்கதானே மிஸ் சொல்லிக் கொடுத்தீங்க? கை தூக்குங்கப்பா!"

காடு போல் கைகள் எழுந்தன. போகிற போக்கில், டீச்சரும் கூட வந்து பனியில் விளையாட வேண்டும் என்று ஒரு பிரிவையும் சேர்த்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது நீதிமன்றம். தலைமை நீதிபதி மை என்ற சிறுமி, சக மாணவி பிரின்ஸியின் கறுப்பு மழைக்கோட்டை இரவல் வாங்கி அங்கியாகப் போட்டுக்கொண்டு, கால் தரை எட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, பாட நேரத்துல விளையாடச் சொல்ற சட்டம் செல்லாது" என்றாள் டெல்ஃபின்.

மை சுவரைக் காட்டினாள். அங்கே வகுப்பின் அரசியல் சாசனம், டெல்ஃபினின் கையெழுத்திலேயே தொங்கியது. "'இரண்டாம் வகுப்பு மக்களாகிய நாங்கள், எல்லாரும் சந்தோஷமாக இருப்பதற்காக...' சந்தோஷம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. சட்டம் செல்லும். அடுத்த வழக்கு!"

"அடுத்த வழக்கே இல்ல கண்ணு."

"அப்ப கோர்ட்டு கலைகிறது."

கடிகார முள் இரண்டை நெருங்கியது. டெல்ஃபின் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடை விரித்தாள்.

"டோபியாஸ், அந்தச் சட்டத்தை ரத்து பண்ண என்னப்பா வேணும்?"

"என்ன இருக்கு உங்ககிட்ட?"

"பாப்கார்ன்."

"சின்னப் பொட்டலமா, பெரிசா?"

"பெரிசு."

"வெண்ணெய் போட்டதா?"

"போட்டது!"

டோபியாஸ் பின்னால் திரும்பிக் கிசுகிசுத்தான். உதட்டைப் பிதுக்கினான். "எங்க ஆளுங்க மசியலை மிஸ்."

"வெள்ளிக்கிழமை எல்லாரும் ராத்திரி உடுப்போட வரலாம்."

"ம்... ஸ்பெல்லிங் டெஸ்ட்?"

"அடப்பாவி... அதுவும் கிடையாது, போ!"

ஓட்டெடுப்பு நடந்தது. பாதிப் பேர் ரத்து என்றார்கள். பாதிப் பேர் இன்னும் கறக்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். சரிசமம்.

எல்லாத் தலையும் ஹாவா பக்கம் திரும்பியது. வருகிற வாடிக்கையாளரைப் பார்க்கும் கடைக்காரி போல அவள் நிதானமாக எழுந்தாள்.

"உங்க சுழல் நாற்காலி மிஸ். ஒரு வாரம்."

வராந்தாவில் ஹால்வர்சனின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"எடுத்துக்கோ தாயே!"

"ரத்து!" என்றாள் ஹாவா. டோபியாஸ் அடித்த அடியில் சுதந்திர மணி தட்டையானது.

வாசலில் நின்றே ஹால்வர்சன் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டார். "என்னம்மா நடக்குது இங்க?" என்றார். டோபியாஸ் வீட்டோவை விளக்கினான். மை சாசனத்தைப் படித்துக் காட்டினாள். மனிதர் அசந்து போனார்.

"அசல் காங்கிரஸ்ல கூட ஒரு பேரம் இவ்வளவு சீக்கிரம் படியாது. அடுத்த வருஷமும் இந்த வகுப்பு உங்களுக்குத்தாம்மா" என்று அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அப்பாடா என்று உட்காரப் போன டெல்ஃபின், நாற்காலி தன்னுடையது இல்லை என்பது நினைவு வர, குட்டி ஸ்டூலில் போய் ஒடுங்கினாள். போனது போகட்டும். பாப்கார்னைக் கொடுத்து, ஒரு டெஸ்ட்டை விட்டு, வேலையையே வாங்கியாயிற்று. கொள்ளை மலிவு.

ஹாவா சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி, அவள் எதிரில் வந்து நின்றாள். கையில் அதே அட்டை.

"இப்பவாவது வானிலை சொல்லட்டுமா மிஸ்?"

"சொல்லு கண்ணு, நல்லாச் சொல்லு."

"மூக்கு உறையுற குளிர். இப்படிக் குளிர்ற அன்னிக்கு ஸ்கூல்ல ஒருத்தரையும் வெளியில விடமாட்டாங்க. காலையில டோபியாஸ்கிட்ட நான் இதைச் சொன்ன பிறகுதான் மிஸ், அவன் அந்தச் சட்டத்தையே எழுதினான்."