குத்துவிளக்கு என்று எழுதியது நான்தான்

அன்பு மகள் நிவேதாவுக்கு, உன் பெரியப்பா ராஜாக்கண்ணு மலையிலிருந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரி நேராகத்தான் புறப்படுகிறது, பாதியில் மலைப்பாதை மாதிரி வளைந்துகொள்கிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்பதில் எனக்கும் மாலை வகுப்பு சசிகலா டீச்சருக்கும் இன்னும் தகராறு. ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் என் கையால் நானே எழுதும் முதல் கடிதம் இது. அது வெட்கக்கேட்டைச் சொல்லும் கடிதமாகப் போய்விட்டது. வெட்கம் என்பதில் 'ட்'டுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

நடந்தது இதுதான். நீ கம்பெனி விடுதி மொட்டை மாடியில் பேண்ட் போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு ஆடிய வீடியோவை ஜீப் ஓட்டும் சின்னராசு காட்டினான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பகீர் என்றது. மேலே ஒரு துண்டாவது போட்டிருக்கலாமே என்று நினைத்தேன். அப்புறம் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'குடும்பக் குத்துவிளக்கு' என்று ஒருவன். 'மகாலட்சுமி மாதிரி பொண்ணு' என்று ஒருவன். 'வரப்போற மாமியார் குடுத்து வச்சவங்க' என்று இன்னொருவன். எல்லாம் முன்பின் தெரியாத ஆம்பளைப் பசங்க. உலகமே இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கும்போது சொந்தப் பெரியப்பன் மனசு இப்படிச் சின்னதாக இருக்கிறதே என்று கூசிப்போனேன். டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். சந்தோசம் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். சின்னராசு போனை வாங்கி, ஒரே விரலால் குத்திக் குத்தி, 'எங்கள் குடும்பக் குத்துவிளக்கு' என்று எழுதினேன். எதை எழுதினாலும் முடிவில் இப்படிக்கு போட்டுப் பேரும் ஊரும் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே 'இப்படிக்கு, பெண்ணின் பெரியப்பா ராஜாக்கண்ணு' என்று போட்டு, உன் அப்பா சுப்பிரமணி பேரையும், ஊரையும், தபால் ஆபீசையும் விளக்கமாக எழுதினேன். ஒரு பிழை இல்லை.

அன்னைக்கு சாயங்காலமே உன்கூடத் தங்கியிருக்கிற ரைஹானா போன் பண்ணிச்சு.

"பெரியப்பா, இன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"

"குத்துவிளக்குன்னு எழுதனேம்மா. நல்ல வார்த்ததானே?"

"அது திட்டு பெரியப்பா."

"குத்துவிளக்கு எப்டிம்மா திட்டாவும்? உங்க வாணியம்பாடில அப்டியா?"

"எல்லா ஊர்லயும் அப்டித்தான். நக்கலு. இப்ப 'பெரியப்பாவே சொல்ட்டாரு'ன்னு நீங்க எழுதனத படம் புடிச்சி எல்லாரும் அனுப்பிக்கினு இருக்காங்க. கம்பெனில சூப்பர்வைசர் கூடக் காட்டிச் சிரிக்கிறாரு. நிவேதா வீடியோவையே அழிச்சிட்டா. நீங்க கூப்ட்டா வராத மாதிரி உங்க நம்பரையும் போன்ல அடைச்சிட்டா. ஆடிக்கு ஊருக்கே வர மாட்டாளாம்."

நிவேதா, நல்ல வார்த்தையக் கெட்ட வார்த்தையா எழுதுவானுங்கன்னு எங்க பாடத்துல இல்லியேம்மா. டீச்சர்கிட்ட கேட்டேன். "எழுத்து வரைக்கும்தாங்க ஐயா நான் சொல்லித் தர்றது"ன்னுட்டாங்க. உன் பெரியம்மா மாதம்மாள், "கைநாட்டா இருந்தப்ப இந்த மனுசனால யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது"ன்னு சொல்லி, களியத் தட்டுல வெச்சுட்டு எழுந்து போய்ட்டா. உன் அப்பன் என்னைப் பார்த்தா சாமைக் கொல்லைக்குள்ள எறங்கி வேற வழியா போறான்.

ஒண்ணு மட்டும் மனசுல குத்திக்கினே இருக்குது. போன திருவிழாவுல நானும்தான் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு ஆடனேன், மேல சட்டகூட இல்ல. சின்னராசு அதையும் போட்டான். 'சூப்பர் தாத்தா'ன்னு நெருப்புப் படமா போட்டானுங்க. துண்டு எங்கன்னு என்னை ஒருத்தன் கேக்கல. உன்னைப் பார்த்து நான் கேட்டேன். வாயால இல்ல, மனசுக்குள்ளதான். ஆனா அந்தப் பசங்களுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம் இருக்குது, சொல்லு.

நீ ஆடிக்கு வூட்டுக்கு வர வேண்டும். ஆடு, ஆடாதே என்று சொல்ல நான் யார். இனி அந்தப் போனில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். இந்தக் கடிதமும் நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும். மலைத்தெய்வம் உன்னையும், உன் பக்கத்தில் இருக்கிற ரைஹானாவையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு, இங்கே மட்டுமாவது சரியாகப் போட்டிருக்கும்,
உன் பெரியப்பா ராஜாக்கண்ணு

பின்குறிப்பு: ரைஹானா விடுதி விலாசம் தர்றதுக்கு ரெண்டு நாள் ஆயிடுச்சு. அதுக்குள்ள எனக்கு மனசு கேக்கல. உன் பேரு, ஊரு வர்ற எடத்துலல்லாம் காகிதம் ஒட்டி மறைச்சு, சின்னராசுவ விட்டு இந்தக் கடிதத்தைப் படம் புடிச்சு, அந்தக் குத்துவிளக்கு சுத்துற அதே எடத்துல போட்டாச்சு. இப்ப 'மாவீரன்'ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். 'பொட்டப்புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்ட பெரியப்பாவுக்கு ஒரு சேல வாங்கிக் குடுங்க'ன்னு இன்னொருத்தன். இதெல்லாம் புகழ்ச்சி இல்லன்னு இப்ப நானே கண்டுபுடிச்சேன், யாரும் சொல்லித் தரல. சேலைய நெசமாவே அனுப்பனா உன் பெரியம்மாவுக்கு ஆவும். காலையில இருந்து பார்க்கிறேன், உன்னைப் பத்தி ஒருத்தனும் எழுதல. அத்தன பேரும் என்னைத்தான் புடிச்சுக்கினு இருக்கறானுங்க. நீ தைரியமா பஸ் ஏறு. அவனுங்க மறுபடி உன் பக்கம் திரும்பறதுக்குள்ள, அடுத்த வாரம் இன்னொண்ணு எழுதிப் போட்டுடறேன்.