நாற்காலியில் உட்கார்ந்த முகம்

மாப்பிள்ளையின் அப்பா ஹாலில் உட்கார்ந்து பாதி டீ குடிப்பதற்குள், சலூன்காரர் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்றார் மனைவியிடம். "நம்ம கடையில பாத்திருக்கேன்."

தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். சம்பந்தி இந்த ஊரில் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கால் வைக்கிறார், சரக்குக் கப்பலில் சமையல்காரராகவே காலத்தை ஓட்டியவர், அவரை எந்தக் கடையில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஆனால் அவளுக்கும் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்ததாம். கேட்காமலேயே கை, வீட்டில் தினமும் கலக்குகிற பழக்கத்தில், சர்க்கரை போடாத டீயைக் கலந்துவிட்டதாம். அவரும் ரசித்துக் குடிக்கிறாராம்.

முகம் விஷயத்தில் சலூன்காரருக்குத் தப்பே வராது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். தன் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்த முகம் சாகிறவரை மறக்காது என்ற பெருமையை ஊரில் பாதித் தலைகள் கேட்டிருக்கின்றன. கேட்காமல் என்ன செய்வது, கத்தரி அவர் கையில் அல்லவா இருக்கிறது.

ஒரே மகள். ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுக்கும் பிரிவில் வேலை. இந்தக் கல்யாணத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். உள்ளே வந்து அப்பா சொன்னதைக் கேட்டதுமே குறுக்கே புகுந்தாள்.

"அப்பா, 'தெரிஞ்ச முகம்'னு சொல்றது மூளையில ஒரு வேலை. எங்க பாத்தோம்னு எடுத்துக் குடுக்கறது வேற வேலை. சில நேரம் முதல்ல சொன்னது மட்டும் வரும், ரெண்டாவது வராது. அப்ப நாமளே ஒரு கதையை இட்டுக்கட்டிடுவோம். அதையும் சத்தியம் பண்ற அளவுக்கு நம்புவோம்."

"அதெல்லாம் உன் மெஷின்ல வர்ற மூளைக்கு. என் மூளையில எல்லாம் ஒரே இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வழவழவென்று மழித்த தன் மோவாயைத் தடவிக்கொண்டே, நம்ம கடைக்கு வந்திருக்கீங்க இல்லையா என்று நைசாகக் கேட்டார். இல்லையே என்றார் சம்பந்தி, தாடியைத் தடவிக்கொண்டே.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. வந்துபோன ஆள் வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. யோசிக்க யோசிக்க அந்த முகத்தோடு ஒரு சவரக்கத்தியும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. கொம்புப் பிடி போட்டது, கல்யாணத்தின்போது மாமனார் ஆசையாகக் கொடுத்தது. அது கடையில் காணாமல் போய் எத்தனையோ காலம் ஆகிறது, மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

கதை மளமளவென்று வளர்ந்தது. முதலில் அந்த முகம் கத்தியைச் சும்மா பார்த்தது. பிறகு கையில் எடுத்துப் பார்த்தது. சாப்பாடு முடிவதற்குள், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதையே சலூன்காரர் கண்ணால் பார்த்துவிட்டார்.

தெரிந்தே திருடன் வீட்டிலா பெண்ணைக் கொடுப்பது? மகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. தாடியை எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. கல்யாணப் போட்டோவுக்கு நானே என் கையால் சவரம் செய்துவிடுகிறேன் என்று சம்பந்தியைக் கடைக்குக் கூப்பிட்டார். சம்பந்தி நெகிழ்ந்துபோனார். சின்ன வயதில் கப்பல் ஏறியபோது விட்ட தாடி, இப்படி ஒரு மரியாதைக்காகவே வளர்ந்திருக்கிறது போலும் என்றார். அப்பாவைத் தனியாக அனுப்பப் பயந்து மகளும் கூடவே கிளம்பினாள்.

கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடை திறந்த நாளிலிருந்து கூட வேலை செய்பவர். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

சலூன்காரர் துண்டைப் போர்த்தினார், நுரையைத் தடவினார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கத்தியை இழுத்தார். கன்னம் வெளியே வர வர அவருடைய சந்தேகம் குறைந்தது. மோவாய் தெரிந்ததும் சுத்தமாகப் போய்விட்டது. இதே முகம், இதே கண்ணாடி.

"சம்பந்தி, அந்தக் கத்தி எங்க?"

"எந்தக் கத்தி?" என்று சம்பந்தி வாயை அசைக்காமல் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே கத்தி அந்த நேரம் அவர் தொண்டை மேல் இருந்தது.

சலூன்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சம்பந்தி துண்டை உருவிப் போட்டுவிட்டு, காதோரம் நுரையோடு எழுந்தார். திருட்டுப் பட்டம் கட்டுகிற வீட்டில் சம்பந்தமே வேண்டாம் என்றார். மகள் அழவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உன் வாழ்க்கையைக் கெடுக்கணும்னு எனக்கு என்னம்மா வேண்டுதலா?" என்றார். "இந்த முகத்தை இந்தக் கண்ணாடியில பாத்திருக்கேன். அந்தக் கத்தியோட பாத்திருக்கேன். சத்தியமா."

பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியில் அருகருகே தெரிந்த இரண்டு மோவாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன் சொல்றது நிஜம்தான்மா. அந்தக் கத்தியோட கடைசியா நானும் இந்த முகத்தைத்தான் இந்தக் கண்ணாடியில பாத்தேன். ஆனா அது நாற்காலியில உக்காரல, நாற்காலிக்குப் பின்னாடி நின்னு வந்தவங்களுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருந்துச்சு."