நடுக்கள வீரரும் என் கடைசிப் பல்லும்

நம்பிக்கை என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் கெட்டுப்போகாமல் இருக்கிறதென்றால், அந்தப் பெருமை முழுவதும் எங்கள் தெருமுனைப் பல் டாக்டரையே சாரும். அவர் உயிராக ஆதரிக்கும் கால்பந்து அணி கடைசியாகக் கோப்பையைத் தொட்டபோது அவருக்குத் தலையில் முடி இருந்தது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. வெளிநாட்டு நடுக்கள வீரர் ஒருவரை அணி வாங்கப்போவதாக 'நம்பத் தகுந்த வட்டாரங்கள்' சொன்னதிலிருந்து சாப்பாடு, தூக்கம், நோயாளி ஆகிய அற்ப விஷயங்களைத் துறந்துவிட்டார்.

அப்படிப்பட்ட மகானிடம் இடது பக்கக் கீழ்வரிசையின் கடைசிப் பல்லைப் பிடுங்கச் சொல்லிப் போனவன் நான். ஒரு வாரமாக அந்தச் சொத்தைப் பல் என்னைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை. பெண்டாட்டியோடு ஒழுங்காகச் சண்டை போடக்கூட விடவில்லை.

சாய்வு நாற்காலியில் படுத்தேன். ஊசி போட்டார். பாதி முகம் மரத்துக்கொண்டு வந்தது. டாக்டர் கையுறை மாட்டியிருந்ததால், நர்ஸ் செல்போனை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். நர்ஸ் படிப்பில் இதற்குத் தனிப் பாடம் இருக்க வேண்டும்.

"என்ன சிஸ்டர், ஏதாவது வந்திருக்கா?"

"அந்த வீரர் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்காங்களாம் டாக்டர்."

"அப்ப முடிஞ்சுது. ஊரை விட்டுக் கிளம்புறவன்தான் நாய்க்கு ஊசி போடுவான்." என் பக்கம் குனிந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆ," என்றேன். வாய்க்குள் அவருடைய பல் பார்க்கும் கண்ணாடி இருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், விவரம் தெரிஞ்சவரு."

இந்தப் பாராட்டைத் தொடர்ந்து ஓர் உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. இடம்: என் வாய்.

"முன்பல்லு எல்லாம் ஃபார்வர்ட்," என்று கம்பியால் வரிசையாகத் தட்டினார். "நல்லாத்தான் இருக்கானுங்க. கடைசியில நிக்கிறது டிஃபென்ஸ். இதோ, நடுவுல இருக்கான் பாருங்க, இவன்தான் பழைய நடுக்களம். புது ஆளு வரணும்னா இவன் போயாகணும். எங்க டீம் நிர்வாகம் நேத்தே பழைய ஆளை வித்துட்டாங்க. இதுக்குப் பேருதான் தொலைநோக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கையைத் தூக்கி, கடைசிப் பல் இருக்கும் திக்கைக் காட்டினேன்.

"டிஃபென்ஸும் சரியில்லங்கறீங்க. ஒத்துக்கறேன். ஆனா முதல்ல நடுக்களம்."

"ஆ... ஆ..."

"உணர்ச்சிவசப்படாதீங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு."

குறடு உள்ளே போனது. தாடை மரத்திருந்ததால் எந்தப் பல் ஆடுகிறது என்று எனக்கே தெரியவில்லை. தலை மட்டும் நாற்காலியோடு சேர்ந்து ஆடியது. "கெட்டியா நிக்கிறான் சிஸ்டர்," என்று டாக்டர் மூச்சு வாங்கினார். பிறகு தட்டில் டங்கென்று ஏதோ விழுந்தது. என் வாயில் பஞ்சை அடைத்தார்.

எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாத பல். விரலை வாய்க்குள் விட்டுத் தடவினேன். கடைசியில் இருந்த சொத்தை தன் குழியோடு பத்திரமாக இருந்தது. நடுவில்தான் யாரும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் கவனிக்கவில்லை. அவர் முகத்தில் அதைவிடப் பெரிய துக்கம் வந்திறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்," என்றார் நர்ஸ் மெதுவாக, "அவர் வரலையாம். பழைய கிளப்லயே கையெழுத்து போட்டுட்டாராம்."

டாக்டர் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். எனக்கு வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர்.

"அநியாயத்தைப் பாருங்க சார்," என்றார் டாக்டர். "நல்லா இருந்தவனைப் பிடுங்கி வெளிய போட்டுட்டாங்க. பின்னாடி நிக்கிற சொத்தை அப்படியே நிக்குது. நடுவுல இப்ப ஓட்டை. எதை எடுக்கணும், எதை வைக்கணும்னுகூடத் தெரியாத ஆளுங்க கையில எதுக்கு சார் பொறுப்பைக் குடுக்கறாங்க?"

நான் பஞ்சைத் துப்பினேன். தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"அதைத்தான் டாக்டர் நானும் கேக்கறேன்."